லோகோ மொழியும் சிந்தனைத் திறன் வளர்ப்பும்: ஒரு திறனாய்வு

அறிமுகம்

வகுப்பறைக்கு ஒரு புதிய கருவி வரும்போது, அதனால் மாணவர்களின் சிந்தனைத் திறன் வளரும் என்ற உறுதிமொழியும் சேர்ந்தே வருகிறது. திறன்பலகை, கைக்கணினி, மடிக்கணினி, செயற்கை நுண்ணறிவு உரையாடி என ஒவ்வொன்றின் வருகையின்போதும் இதே பேச்சு எழுந்தது. இந்த உறுதிமொழியை மிக ஆழமாக முன்வைத்தவர்களுள் முதன்மையானவர் கணிதவியலாளர் சீமோர் பேப்பர்ட். அவர் பங்கேற்று உருவாக்கிய லோகோ நிரல்மொழியும், 1980இல் அவர் எழுதி வெளிவந்த 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலும் கல்வி உலகில் பெரும் எதிர்பார்ப்பை உண்டாக்கின. சில ஆண்டுகளிலேயே அந்த எதிர்பார்ப்பு ஆய்வுக்கு உள்ளாக்கப்பட்டது. கிடைத்த முடிவுகள் பலரை ஏமாற்றத்தில் ஆழ்த்தின.

அந்த ஏமாற்றத்துக்குக் காரணம் கருவியா, பயன்படுத்திய முறையா, எதிர்பார்ப்பேதானா என்ற கேள்வி இன்றும் பொருத்தமானது. லோகோவின் வரலாற்றைக் கொண்டு அக்கேள்வியை ஆராய்வதும், இன்றைய எண்ணிமக் கருவிகளை அதே அளவுகோலால் மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

லோகோவின் தோற்றம்

சீமோர் பேப்பர்ட் 1928இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் பிறந்தவர். 1958 முதல் 1963 வரை ஜெனீவாவில் குழந்தை உளவியல் அறிஞர் ஜீன் பியாஜேயுடன் பணியாற்றினார். குழந்தை தனக்கான அறிவைத் தானே கட்டியெழுப்புகிறது என்ற பியாஜேயின் கருத்து அவருடைய சிந்தனைக்கு அடித்தளமானது. பின்னர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் செயற்கை நுண்ணறிவு ஆய்வில் ஈடுபட்டார்.

1967இல் வாலி ஃபியூர்சைக், சிந்தியா சாலமன் முதலியோருடன் இணைந்து குழந்தைகளுக்கான நிரல்மொழியாக லோகோவை உருவாக்கினார். ஓர் அறையளவு கணினிகளை அறிவியலாளர்களே பயன்படுத்திய காலம் அது. குழந்தைகள் கணினிக்கு ஆணையிட வேண்டும் என்ற எண்ணமே அன்று வியப்புக்குரியது. அக்காலக் கல்வி மென்பொருள்கள் பெரும்பாலும் கேள்வி கேட்டு, விடை வாங்கி, சரி அல்லது தவறு என்று தெரிவிக்கும் பயிற்சித் தாள்களாக இருந்தன. அவற்றில் கணினி குழந்தையை நிரலிடுகிறது. குழந்தை கணினியை நிரலிட வேண்டும் என்பது பேப்பர்ட்டின் நிலைப்பாடு.

ஆமையின் வழியே சிந்தித்தல்

லோகோவின் சிறப்புக் கூறு 'ஆமை'. தொடக்கத்தில் அது தரையில் ஊர்ந்து கோடு வரையும் சிறு இயந்திரமாக இருந்தது. பின்னர்த் திரையில் தோன்றும் குறியாக மாறியது. 'முன்செல் 100' என்றால் நூறு அடி நகரும். 'வலம் 90' என்றால் நின்ற இடத்திலேயே வலப்பக்கம் 90 பாகை திரும்பும். இவ்விரண்டையும் நான்கு முறை சொன்னால் சதுரம் கிடைக்கும்.

இதன் கல்விப் பயன் சதுரத்தில் தெரிவதில்லை, முக்கோணத்தில்தான் தெரிகிறது. சமபக்க முக்கோணம் வரையச் சொன்னால், மாணவர் இயல்பாக 'முன்செல் 100, வலம் 60' என்பதை மூன்று முறை எழுதுவார். சமபக்க முக்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 60 பாகை என்று பாடநூலில் படித்திருக்கிறார் அல்லவா? ஆனால் ஆமை முக்கோணம் வரைவதில்லை. முனைகள் சேராமல் பாதியில் நிற்கும் ஓர் உருவம் திரையில் தோன்றும். அதே ஆணையை ஆறு முறை சொன்னால் அறுகோணமாகிவிடும்.

இங்கே ஆசிரியர் 'தவறு' என்று சொல்லத் தேவையில்லை, படமே சொல்லிவிடுகிறது. மாணவர் எழுந்து, தானே ஆமையாகி, தரையில் நடந்து பார்க்கலாம். முனையை அடைந்ததும் அடுத்த பக்கத்தை நோக்கித் திரும்ப எவ்வளவு சுழல வேண்டும் என்று உடலாலேயே உணரலாம். திரும்புவது உட்கோணம் அன்று, வெளிக்கோணம். அதாவது 120 பாகை. மூன்று முறை திரும்பினால் 360 பாகை. சதுரத்தில் நான்கு முறை 90 பாகை, அதுவும் 360. அறுகோணத்தில் ஆறு முறை 60 பாகை, அதுவும் 360. குறுக்கிட்டுக் கொள்ளாத எந்த மூடிய வழியைச் சுற்றி வந்தாலும் மொத்தத் திருப்பம் 360 பாகை என்ற பொதுவிதியை மாணவர் நெருங்கிவிடுகிறார். 'முன்செல் 1, வலம் 1' என்பதை 360 முறை சொன்னால் வட்டம் போன்ற உருவம் கிடைப்பதும் இதன் தொடர்ச்சியே.

இந்த ஓர் எடுத்துக்காட்டில் மூன்று செயல்கள் அடங்கியுள்ளன. மாணவர் முதலில் முன்கணிக்கிறார். பிறகு தன் கணிப்பு பிழைத்ததைக் கண்ணால் காண்கிறார். அதன்பின் பிழை எங்கே என்று தேடித் திருத்துகிறார். பிழைதிருத்தம் என்ற நிரலாளர் பழக்கத்தைப் பேப்பர்ட் கல்வியின் மையத்தில் வைத்தார். பள்ளியில் தவறு என்பது மதிப்பெண் இழப்பு. லோகோவில் அது அடுத்த படிக்கான தகவல். 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலின் மிக வலுவான பகுதி இதுவே. நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும் இக்கருத்து மங்கவில்லை.

பேங்க் ஸ்ட்ரீட் ஆய்வு

பேப்பர்ட்டின் எதிர்பார்ப்பு வடிவியலோடு நிற்கவில்லை. நிரல் எழுதப் பழகும் குழந்தை, ஒரு பெரிய சிக்கலைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கவும் திட்டமிடவும் தன் சிந்தனையையே ஆராயவும் கற்றுக்கொள்ளும். அத்திறன் பிற துறைகளுக்கும் பரவும் என்று லோகோ ஆதரவாளர்கள் நம்பினர். இதைக் கல்வி உளவியலில் 'கற்றல் மாற்றம்' என்பர். ஒரு காலத்தில் இலத்தீன் படித்தால் அறிவு முழுவதும் கூர்மையாகும் என்று மேலைநாட்டுப் பள்ளிகள் நம்பியதும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வர்ட் தார்ன்டைக்கின் ஆய்வுகள் அந்நம்பிக்கையை அசைத்ததும் இங்கே நினைவுகூரத் தக்கவை.

நியூயார்க் நகரின் பேங்க் ஸ்ட்ரீட் கல்வியியல் கல்லூரியைச் சேர்ந்த ராய் பீ, மிடியன் கர்லேண்டு ஆகியோர் 1980களின் முற்பகுதியில் இதைச் சோதித்தனர். ஓராண்டு லோகோ பயின்ற குழந்தைகளிடமும் பயிலாத குழந்தைகளிடமும் வகுப்பறைத் துப்புரவு வேலைகளைத் திட்டமிடும் பணி தரப்பட்டது. மேசை துடைப்பது, செடிகளுக்கு நீர் ஊற்றுவது போன்ற வேலைகளை மிகக் குறைந்த நடையில் முடிக்க எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டும். லோகோ பயின்றவர்கள் மற்றவர்களைவிடச் சிறப்பாகத் திட்டமிடவில்லை. மேலும், அம்மொழியின் நிபந்தனைக் கூற்று, தன்மீளழைப்பு போன்ற நுட்பமான பகுதிகளைப் பல குழந்தைகள் தவறாகப் புரிந்துகொண்டிருந்ததும் இவ்வாய்வாளர்களின் பணியில் வெளிப்பட்டது.

பேப்பர்ட்டின் மறுமொழி

1987இல் வெளியிட்ட கட்டுரையில் பேப்பர்ட் இவ்வகை ஆய்வுகளைக் கடுமையாக மறுத்தார். லோகோ சிந்தனையை வளர்க்குமா என்று கேட்பதே பிழை என்பது அவர் வாதம். மரம் நல்ல வீட்டைத் தருமா, சுத்தியல் நல்ல அறைகலனைத் தருமா என்று யாரும் கேட்பதில்லை. கட்டுபவரின் திறனும் வடிவமைப்புமே வீட்டைத் தீர்மானிக்கின்றன. அவ்வாறே, கணினியை ஒரு மருந்துபோல வகுப்பறைக்குள் செலுத்திவிட்டு விளைவை அளக்க முயல்வது 'கருவிமையச் சிந்தனை' என்றார்.

மறுமொழி கூர்மையானது. ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. கருவியால் மட்டும் எதுவும் நடவாது என்றால், நடக்கச் செய்வது எது? தச்சர் தேவை என்றால், அந்தத் தச்சர் யார், அவர் தொழிலை எங்கே கற்றார்? 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' இக்கேள்விக்குப் போதிய விடை தரவில்லை. ஆதரவாளர்கள் மரத்தின் பெருமையைப் பேசிய அளவுக்குத் தச்சரைப் பற்றிப் பேசியதில்லை.

கற்பித்தால் பரவும்

இவ்விவாதத்தைத் தெளிவாக்கியது 1988இல் டேவிட் கிளார், ஷாரன் கார்வர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு. குழந்தைகள் தாமாகவே பிழைதிருத்தக் கற்றுக்கொள்வார்கள் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கிடைத்த விளைவையும் எதிர்பார்த்த விளைவையும் ஒப்பிடுவது, வேறுபாட்டிலிருந்து பிழையின் தன்மையை ஊகிப்பது, அது நிரலின் எப்பகுதியில் இருக்கக்கூடும் என்று சுருக்குவது, திருத்திய பின் மீண்டும் சோதிப்பது என்று பிழைதிருத்தத்தின் படிகளை வெளிப்படையாகக் கற்பித்தனர்.

இவ்வாறு கற்ற குழந்தைகள், கணினிக்குத் தொடர்பில்லாத எழுத்து வழிகாட்டுதல்களிலும் பிழையைக் கண்டுபிடிப்பதில் முன்னேற்றம் காட்டினர். முழுவதையும் மேலிருந்து கீழாக வாசிக்காமல், தவறான விளைவிலிருந்து பிழையிருக்கும் இடத்தை நோக்கி நேரே செல்லப் பழகியிருந்தனர். அதாவது, கற்றல் மாற்றம் நிகழ்ந்தது. பேங்க் ஸ்ட்ரீட் ஆய்வையும் இதையும் அருகருகே வைத்தால் ஒரு முடிவு தெளிவாகிறது: சிந்தனைத் திறனும் ஒரு பாடமே. அதற்குப் பெயரிட்டு, பிரித்துக் காட்டி, பயிற்சி அளித்து, வேறு சூழலில் பயன்படுத்தச் சொல்ல வேண்டும். கருவி அதற்கு நல்ல களமாக அமையலாம். கற்பித்தலின் இடத்தை நிரப்பாது.

'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலின் குறை

பேப்பர்ட்டின் நூல், சிறுவயதில் பற்சக்கரங்கள் மீது அவருக்கிருந்த காதலோடு தொடங்குகிறது. பற்சக்கரங்களைக் கொண்டே பெருக்கலையும் சமன்பாடுகளையும் புரிந்துகொண்டதாக அவர் நினைவுகூர்கிறார். எல்லாக் குழந்தைகளும் பற்சக்கரங்களை விரும்பமாட்டார்கள் என்பதையும் உணர்ந்தே, எந்த வடிவும் எடுக்கவல்ல கணினியை அவர் நாடினார். ஆயினும், ஒரு பொருளில் தானே மூழ்கித் தானே கண்டடையும் குழந்தையையே அவர் மனத்தில் வைத்து எழுதுகிறார் என்பதை மறுக்க இயலாது. ஆர்வம் பிறக்காத குழந்தையும், முதல் தடுமாற்றத்திலேயே கைவிடும் குழந்தையும் நூலில் அவ்வளவாக இடம்பெறவில்லை.

அவருடைய புகழ்பெற்ற உவமை 'கணித நாடு'. பிரெஞ்சு மொழியைப் பிரான்சில் வாழ்ந்து கற்பதுபோல, கணிதத்தைக் கணித நாட்டில் வாழ்ந்து கற்க வேண்டும். கணினி அந்நாட்டை உருவாக்கும் என்றார். உவமை அழகானது. ஆனால் பிரான்சில் குழந்தையைச் சுற்றிப் பிரெஞ்சு பேசும் மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கிறார்கள், திருத்துகிறார்கள், சிரிக்கிறார்கள், காத்திருக்கிறார்கள். கணினி மட்டுமே கணிதம் பேசும் நாட்டில் குடிமக்கள் எங்கே?

விந்தை என்னவென்றால், இதற்கான விடை அந்நூலின் இறுதி அத்தியாயத்திலேயே உள்ளது. பிரேசிலின் சாம்பா நடனப் பள்ளிகளைப் பேப்பர்ட் அங்கே விவரிக்கிறார். குழந்தைகளும் முதியோரும், தேர்ந்தவரும் புதியவரும் ஒரே இடத்தில் கூடி, ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்கின்றனர். லோகோ வகுப்புகளுக்கு அத்தகைய சமூகப் பிணைப்பு வாய்க்கவில்லை என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். அந்த அத்தியாயத்தை நூலின் தொடக்கத்தில் வைத்திருந்தால், லோகோவைப் பள்ளிகள் ஏற்ற விதமே மாறியிருக்கக்கூடும்.

பெரு நாட்டின் படிப்பினை

பேப்பர்ட்டின் சிந்தனையின் தாக்கத்தில் உருவானது 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டம். நிக்கோலஸ் நெக்ரோபான்டே 2005இல் அறிவித்த இத்திட்டத்தைப் பெரிய அளவில் நடைமுறைப்படுத்திய நாடுகளுள் பெருவும் ஒன்று. அந்நாட்டின் 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கி நடத்திய ஆய்வின் முடிவுகள் 2012இல் வெளிவந்தன. கணினிகள் சென்றுசேர்ந்தன, குழந்தைகள் அவற்றைப் பயன்படுத்தவும் செய்தனர். ஆனால் கணிதம், மொழி ஆகியவற்றின் தேர்வு அடைவில் முன்னேற்றம் காணப்படவில்லை. பொதுவான அறிதிறன் சோதனைகளில் மட்டும் சிறிதளவு முன்னேற்றம் தென்பட்டது.

இம்முடிவை முழுத் தோல்வி என்று சொல்வதும் பொருந்தாது, வெற்றி என்று சொல்வதும் பொருந்தாது. பொருளை வழங்குவது எளிது. வகுப்பில் நாள்தோறும் நிகழும் கற்பித்தலை மாற்றுவது கடினம். பெருவில் முதலாவது நடந்தது, இரண்டாவது நடக்கவில்லை. மடிக்கணினியோடு வராதது ஆசிரியருக்கான நீண்டகாலத் துணை.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் எண்ணிமச் செயல்பாடு

தமிழ்நாட்டில் 2011 முதல் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கப்பட்டது. 2018–19 கல்வியாண்டு முதல் படிப்படியாக அறிமுகமான புதிய பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடுகளும், கணித நூல்களில் 'இணையச் செயல்பாடு' என்ற பகுதியும் இடம்பெற்றன. அவற்றுள் பல ஜியோஜீப்ரா மென்பொருளைச் சார்ந்தவை. ஆஸ்திரியரான மார்கஸ் ஹோஹென்வார்டர் உருவாக்கிய இம்மென்பொருள், புள்ளிகளை இழுத்து வடிவங்களை மாற்றிப் பார்க்க உதவுகிறது. லோகோவைப் போலவே இதிலும் சிந்தனைக்கு நல்ல வாய்ப்பு உண்டு.

ஆனால் அச்செயல்பாடுகள் அமைந்த விதம் கவனத்துக்குரியது. எந்த இணைப்பைத் திறக்க வேண்டும், எதைச் சொடுக்க வேண்டும் என்று படிப்படியாகச் சொல்லப்படுகிறது. இறுதியில் என்ன தோன்றும் என்ற படமும் அருகிலேயே அச்சிடப்பட்டுள்ளது. மாணவர் முன்கணிக்க எதுவும் மிச்சமில்லை, பிழைக்கவும் வழியில்லை. சிந்தனைக் கருவி இங்கே விளக்கப்படமாகச் சுருங்கிவிடுகிறது.

சிறு மாற்றம் போதும். சுற்றுவட்ட மையம் பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்வோம். பக்கங்களின் மையக்குத்துக்கோடுகள் சந்திக்கும் புள்ளி முக்கோணத்துக்கு உள்ளேதான் இருக்கும் என்று பல மாணவர்கள் எண்ணுவர். ஆசிரியர் படத்தை மறைத்துவிட்டு, ஒரு முனையை இழுத்துக் கோணத்தை விரிகோணமாக்கினால் மையம் எங்கே போகும் என்று கேட்கலாம். ஒவ்வொருவரும் குறிப்பேட்டில் தன் ஊகத்தை எழுதிய பிறகே முனையை இழுக்க வேண்டும். கோணம் 90 பாகையை அடையும்போது மையம் கர்ணத்தின் நடுப்புள்ளியில் அமர்வதும், அதைத் தாண்டியதும் முக்கோணத்தை விட்டு வெளியேறுவதும் அப்போது வெறும் காட்சியாக இராது; தன் ஊகத்துக்குக் கிடைத்த பதிலாக இருக்கும். இதற்கு ஒரே ஒரு கணினியும் ஒரு திரையும் போதும்.

கணினியே இல்லாத பள்ளியிலும் லோகோவின் சாரத்தைக் கற்பிக்க முடியும். ஒரு மாணவர் ஆமையாக நிற்க, மற்றவர்கள் ஆணைகளை எழுதித் தர, சுண்ணக்கட்டியால் தரையில் கோடு வரையலாம். தமிழ் வீடுகளின் வாசற்கோலம் இதற்கு இயல்பான துணை. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974லேயே கோலங்களைக் கணினியியல் இலக்கண விதிகளால் விளக்கும் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். ஒரு புள்ளிக் கோலத்தை நண்பர் பார்க்காமலே போடும்படி சொற்களால் ஆணையிடுவது, எந்த நிரல்மொழிப் பயிற்சிக்கும் குறைந்ததன்று.

மொழியும் இங்கே பொருட்படுத்தத் தக்கது. ஆணையைத் தன் மொழியில் எழுதும் குழந்தை, சொல்லின் பொருளைத் தேடித் தடுமாறாமல் சிக்கலின் மீதே கவனம் செலுத்த முடியும். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியில் 'பதிப்பி', 'ஆனால்', 'முடி' போன்ற தமிழ்ச் சொற்களே கட்டளைகள். நிபந்தனையை முதலில் கூறி 'ஆனால்' என்பதைப் பின்னால் வைக்கும் அதன் அமைப்பு தமிழ்த் தொடரமைப்போடு ஒத்துப்போகிறது. தமிழ்வழிப் பள்ளிகள் இதனை ஒரு தொடக்கப் படியாகக் கருத இடமுண்டு.

உரையாடிகளின் காலம்

லோகோ எழுப்பிய கேள்வி செயற்கை நுண்ணறிவு உரையாடிகளின் வருகையால் கூர்மையடைந்துள்ளது. லோகோ குழந்தைக்கு விடை சொல்லாது. உரையாடி உடனே சொல்லிவிடும். துருக்கி நாட்டு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களிடம் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய கள ஆய்வு இவ்வகையில் முக்கியமானது. வழக்கமான உரையாடியைப் பயன்படுத்திய மாணவர்களின் கணிதப் பயிற்சி மதிப்பெண், அது இல்லாதவர்களைவிட 48 விழுக்காடு உயர்ந்தது. ஆனால் கருவியை விலக்கிவிட்டுத் தேர்வு வைத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிட 17 விழுக்காடு குறைவாகவே பெற்றனர். விடையைத் தராமல், ஆசிரியர்கள் வகுத்த குறிப்புகளை மட்டும் தருமாறு அமைக்கப்பட்ட உரையாடியைப் பயன்படுத்தியவர்களிடம் இப்பாதிப்பு பெரும்பாலும் காணப்படவில்லை.

இரண்டு பிரிவினரிடமும் இருந்தது ஒரே தொழில்நுட்பம். மாறியது, மாணவர் செய்ய வேண்டிய வேலையை யார் செய்தார் என்பது மட்டுமே. கிளார், கார்வர் ஆய்விலும் இதுவே வேறுபாட்டை உண்டாக்கியது.

மதிப்பீடு

லோகோவின் வரலாற்றிலிருந்து, எண்ணிமக் கருவி எதையும் மதிப்பிடப் பயன்படும் நான்கு கேள்விகளைத் தொகுக்கலாம்.

1. கருவியைத் தொடுமுன் மாணவர் தன் கணிப்பைச் சொல்ல வேண்டியுள்ளதா?
2. கணிப்பு பிழைத்தால், அது மாணவருக்கே புலப்படுகிறதா?
3. பிழையைத் தேடித் திருத்தும் வேலை மாணவரிடமே விடப்படுகிறதா?
4. அங்கே பழகிய சிந்தனை முறைக்குப் பெயரிட்டு, வேறு பாடத்தில் பயன்படுத்த ஆசிரியர் வழிகாட்டுகிறாரா?

முதல் மூன்றையும் லோகோ நிறைவேற்றியது. நான்காவது அதன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. எந்தக் கருவியின் ஆற்றலுக்கும் அப்பாற்பட்டது. பள்ளிகளுக்குக் கருவி வாங்கும் செலவோடு ஒப்பிடுகையில், அந்த நான்காவது கேள்விக்காக ஆசிரியருக்கு ஒதுக்கப்படும் நேரமும் பயிற்சியும் எங்கும் குறைவாகவே உள்ளன. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய நெருக்கடியில் இருக்கும் ஆசிரியர், மாணவர் பிழைத்துத் திருத்தும்வரை காத்திருக்க முடியாது. அந்நெருக்கடியைக் குறைக்காமல் புதிய கருவிகளை மட்டும் சேர்ப்பது, லோகோவுக்கு நேர்ந்ததையே மீண்டும் நேரச் செய்யும்.

பேப்பர்ட் 2016இல் மறைந்தார். மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் நிரல்மொழியில் அவருடைய சிந்தனை தொடர்கிறது. குழந்தையின் தவறை மதித்தது அவர் விட்டுச்சென்ற பெரும்பங்களிப்பு. அத்தவறின் அருகில் அமர்ந்து 'ஏன் இப்படி வந்தது?' என்று கேட்கும் ஆசிரியரின் பங்கைக் குறைத்து மதிப்பிட்டது அவருடைய நூலின் குறை. சேராமல் நிற்கும் அந்த முக்கோணத்தைத் திரை காட்டிவிடும். அதைக் கண்ட மாணவர் அடுத்து என்ன செய்கிறார் என்பதே வகுப்பறையில் கவனிக்கப்பட வேண்டியது.